வெளிச்சம் பார்க்க எடுத்த படங்கள்

கல்யாண ஆல்பம் செய்கிறவளுக்கே கல்யாணம் என்றால் ஊர்ப் புகைப்படக்காரர்கள் ஓடி ஒளியமாட்டார்களா? ஒளிந்தார்கள்.

ஒன்பது வருடமாகக் கலர் லேபின் பின்னறையில், சக்கரம் ஒன்று உடைந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் கொண்டுவந்து கொட்டும் மூவாயிரம் படங்களை நாற்பது பக்கமாகச் சுருக்கித் தருகிறவள் அவள். எவர் மாமியார்களின் தலையை வெட்டுவார், எவர் கைபட்டால் மாப்பிள்ளை ஆரஞ்சுப் பழமாகிவிடுவார், எவர் மணப்பெண்ணை விட்டுவிட்டுத் தோழியையே சுற்றுவார், எல்லாம் அத்துப்படி. அவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி.

“உங்க கல்யாணமா? அன்னைக்கு எனக்கு முதுகுவலி” என்று தேதியைக் கேட்காமலே நழுவினார் ஒருவர்.

அவளுக்கு வேண்டியதோ ஒரே ஒரு படம். அம்மா சிரிக்கிற படம்.

அம்மாவுக்குப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்டர் வேலை. அவள் சிரித்தால் மாடிவீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார். தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் முட்டும், பக்கத்தில் இருப்பவர் முதுகில் ஓர் அடி விழும். ஆனால் கேமராவைக் கண்டால் அடையாள அட்டைக்கு நிற்பதுபோல விறைத்துவிடுவாள். போனை ஒளித்துவைத்தும் பிடிக்க முடியாது. சர்க்கரை இருக்குமிடம் எறும்புக்குத் தெரிவதுபோலத் தெரிந்துவிடும். ஊரார் அம்மாக்களின் சிரிப்பையெல்லாம் பக்கம் பக்கமாக ஒட்டியவளிடம் தன் அம்மாவின் சிரிப்பு ஒன்றுகூட இல்லை. கல்யாணம் முடிந்தால் அவள் போகப்போவதோ வேறு ஊருக்கு.

ஆகவே வீட்டிலேயே பரீட்சை வைத்தாள். வந்தவர்களிடம் சொன்னாள்: “எங்கம்மா சிரிக்கணும், அது படத்துல வரணும். எடுத்துட்டா கல்யாணம் உங்களுக்குத்தான்.”

“கொஞ்சம் பாத்துப் பேசு, கல்யாணம் எனக்கு” என்றான் லிப்ட் மெக்கானிக்கான மாப்பிள்ளை.

முதலில் வந்தவர் டிரோன் விட்டார். தலைக்கு மேல் ரீங்கரித்த அதை அம்மா குடையை மடக்கி ஒரு போடு போட்டாள். அது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போய் விழுந்தது. இரண்டாமவர் நகைச்சுவைக்குப் பேர்போனவர். அவர் ஒன்று சொன்னார். பதிலுக்கு அம்மா கவுன்டரில் தூங்கிப்போன பயணியின் கதையைச் சொன்னாள். சிரித்த சிரிப்பில் அவருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. முப்பத்திரண்டு படமும் ஆடிப்போயிருந்தன. ஆடாமல் வந்த முப்பத்து மூன்றாவதில் அம்மா தந்திக்கம்பம்.

மறுவாரம் லேபில் வேறு யாருடைய கல்யாணப் படங்களையோ பிரித்துக்கொண்டிருந்தாள். எந்தக் கேமரா கார்டிலும் முதல் ஐந்தாறு படங்கள் வெளிச்சம் பார்க்க எடுப்பவை. கையில் சிக்கியவரை விளக்கு முன்னால் நிறுத்தி, “சும்மா நில்லுங்க, இன்னும் எடுக்கல” என்று சொல்லிவிட்டுத் தட்டுவார்கள். பார்க்காமலே அழித்துவிடுவது அவள் வழக்கம். அன்று போன் வந்ததால் விரல் நின்றது. திரையில் யாரோ ஒரு பெரியப்பா, எவரிடமோ வம்பளந்துகொண்டு, முகமெல்லாம் பல்லாக நின்றார். அடுத்த கார்டைத் திறந்தாள். அதற்கடுத்ததையும் திறந்தாள். எடுக்கவில்லை என்று நம்பி நின்றவர்கள் எல்லோரும் மனிதர்களாக இருந்தார்கள்.

பாதிப் படம் மங்கல்தான். அழிக்கப்போகிற படத்துக்கு யார் மெனக்கெடுவார்கள்? ஒருவருடையது மட்டும் கண்ணாடிபோல இருந்தது. ஊர் அவருக்கு வைத்த பெயர் ஆமை. வெளிச்சம் பார்க்கவே அரைமணி நேரம் எடுப்பார், இருநூறு படம் தட்டுவார். விருந்தாளிகள் பந்திக்கு ஓடிய பிறகுதான் தயாராவார். ‘ஏன் இவ்ளோ குப்பையை அனுப்பறீங்க?’ என்று அவளே திட்டியிருக்கிறாள்.

போன் செய்தாள். “கல்யாணத்தன்னைக்கு முழுக்க நீங்க வெளிச்சம் மட்டும் பாருங்க.”

“அப்போ படம்?”

“அதான் படம்.”

“மேடம், ஊர்ல எல்லாரும் சீக்கிரம் முடின்னுதான் சொல்லுவாங்க” என்றார் ஆமை.

கல்யாண மண்டபத்தில் அவர் அம்மாவை வாசலில் நிறுத்தினார், மேடையோரம் நிறுத்தினார், கை கழுவுமிடத்திலும் நிறுத்தினார்.

“எடுக்கறியாப்பா?”

“இன்னும் இல்லம்மா. சும்மா பேசிட்டிருங்க.”

“டிக்கு டிக்குன்னு சத்தம் வருதே?”

“விளக்கு சூடாகுதும்மா.”

அம்மா நம்பினாள். சும்மா நிற்கிற வாயா அது? நாத்தனாரிடம் டிரோன் கதையைச் சொன்னாள். குடை ஓங்குவதை நடித்துக் காட்டினாள். நாத்தனார் முதுகில் மூன்று அடி விழுந்தது.

கூட்டம் கலைந்ததும் மகளிடம் வந்தாள். “நல்லாத் தேடிப் புடிச்சடி ஆளை. காலையிலேருந்து ஒரு படம் எடுக்கல அந்த மனுஷன்.”

மகள் கேமராவின் பின்பக்கத் திரையை நீட்டினாள். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “யாருடி இது, உன் சித்தியா? எப்ப வந்தா? என்னமா சிரிக்கறா பாரு.”

“நீதாம்மா.”

அம்மா திரையை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். விறைக்கவில்லை. தன் கன்னத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

“இன்னும் இருக்கா?”

“நூத்திப் பதினாலு.”

“நாற்காலியைப் போடு” என்றாள் அம்மா.