நான் கோக்காமல் விட்ட ஆறு வரிகள்

அந்த வாத்தியார்மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த அச்சாபீசில் நான் அப்போது எழுத்துக் கோக்கிறவன். அஞ்சாம் வகுப்போடு நின்றவன். கல்யாணப் பத்திரிகையும் தீபத் திருவிழா நோட்டீசும்தான் எங்கள் பிழைப்பு. நோட்டீசு வேலை கோயில் குருக்கள் ஒருவர் தயவில் வந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட இடத்துக்கு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார் ஒருவர், ஐரோப்பாவில் ஐந்நூறு வருஷத்துக்கு முன் புது யோசனைகள் எப்படிப் பிறந்தன என்று ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தார். நெற்றியில் ஒன்றும் இல்லை.

முதல் பக்கத்திலேயே போப்பாண்டவரும் பாதிரியார்களும் வந்தார்கள். மதம் மாற்றுகிற புத்தகம் என்று முதலாளியிடம் மெல்லச் சொன்னேன்.

"யோவ், நீ எழுத்து கோக்க வந்தியா, சி.ஐ.டி. வேலைக்கு வந்தியா?" என்றார்.

வாத்தியாரிடமே கேட்டிருக்கலாம். எனக்கு மனிதர்களிடம் நேரில் கேட்கிற பழக்கம் கிடையாது.

கோக்கக் கோக்க வேறு மாதிரி போயிற்று. மடாலயங்களில் தூசி படிந்து கிடந்த கிரேக்க, லத்தீன் ஏடுகளைத் தேடி எடுத்தார்களாம். துருக்கியர் ஒரு பெரிய நகரத்தைப் பிடித்தபோது பண்டிதர்கள் சிலர் புத்தகக் கட்டுகளோடு இத்தாலிக்கு ஓடிவந்தார்களாம். கவிஞர்கள் லத்தீனை விட்டுவிட்டுத் தெருவில் பேசுகிற பாஷையில் எழுதினார்களாம். அச்சு யந்திரம் வந்து அதையெல்லாம் ஊர் ஊராகக் கொண்டுபோனதாம். அந்த இடத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பெருமை.

பிறகு அந்த ஆறு வரி வந்தது. மனிதன் எப்படிப்பட்டவன் ஆவது என்பது அவன் கையில்தான் இருக்கிறது, வேதநூலைப் பாதிரியார் சொல்லிக் கேட்காமல் அவனே படிக்கலாம், என்று சிலர் துணிந்து எழுதினார்களாம். ஓகோ என்று நினைத்துக்கொண்டேன். இவர் மதம் மாற்றுகிறவர் இல்லை, கருப்புச் சட்டை. இத்தாலியைச் சொல்லி நம் கோயிலைச் சொல்கிறார். குருக்கள் கண்ணில் பட்டால் நோட்டீசு வேறு அச்சாபீசுக்குப் போகும். பின்னாலேயே என் வேலையும் போகும்.

ஆறு வரியையும் விட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன். அதில் இப்படி இருந்தது: கையால் பிரதி எடுத்தவர்கள் தங்களுக்குப் பிடிக்காததை விட்டுவிடுவார்கள். பண்டிதர்கள் நாலைந்து பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாகப் பார்த்து, விட்டதைக் கண்டுபிடித்தார்கள்.

அந்தப் பத்தியை ஓர் எழுத்து விடாமல் கோத்தேன். எனக்காகவே எழுதியிருக்கிறாரோ என்றுகூடத் தோன்றிற்று.

மறுநாள் வாத்தியார் வந்து, ஒரு தொடைமேல் நோட்டும் இன்னொரு தொடைமேல் புரூபுமாக உட்கார்ந்தார். விரல் பாதிப் பக்கத்தில் நின்றது.

"ஏம்பா, இங்க ஆறு வரி காணோமே?"

"விட்டுப்போச்சுங்க."

"ஆறும் சேர்ந்தாப்பலயா?"

"அவனுக்குக் கண்ணு கம்மி சார்" என்றார் முதலாளி.

வாத்தியார் என்னையே பார்த்தார். "குருக்கள் பார்ப்பாருங்க" என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"பார்க்கட்டும். கோத்துடு."

கோத்தேன்.

புத்தகம் வந்த வாரமே குருக்கள் தீப நோட்டீசு கொடுக்க வந்தார். மேசைமேல் கிடந்த ஒரு பிரதியைப் புரட்டினார். சரியாக அந்தப் பக்கத்தில் நின்றார். நான் எழுத்துப் பெட்டியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"பிரதி எடுக்கறவாளைப் பத்தி சரியா எழுதியிருக்கார்" என்றார். "எங்காத்து ஏட்டுலயும் ரெண்டு ஸ்லோகம் காணோம். தாத்தாவோட அண்ணா பார்த்து எழுதினது. எனக்கு அவர் மேலதான் சந்தேகம்."

ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டு, நோட்டீசை எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பத்திக்கு நேர் மேலே இருந்த ஆறு வரியை அவர் படித்தாரா, படித்தும் விட்டுவிட்டாரா? பத்து வருஷமாகியும் அவரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.