பகவதி அக்கா கலைத்து வைத்த அறை

செய்தி வந்தபோது நான் அலுவலகத்தில் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், தொட்டி கழுவுவதால் தண்ணீர் வராது என்ற அறிவிப்புக்குக் கீழே மலையாளத்தில் இரண்டு வரி. நாகர்கோவிலில் தம்பி வீட்டுக்குப் போயிருந்த பகவதி அக்கா காலையில் எழுந்திருக்கவில்லை. மீட்டிங்கில் யாரோ என்னிடம் ஏதோ கேட்டார்கள். சரி என்றேன். எதற்குச் சரி சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை. அந்த வேலை நிச்சயம் என் தலையில்தான் விழுந்திருக்கும்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா திருவனந்தபுரம் சாலை பஜாரில் முப்பது வருடத்துக்கு மேல் ஃபேன்சி கடை நடத்தியவர். வளையல், ரிப்பன், பொட்டு, ஜரிகை என்று அடைத்துக் கிடக்கும் கடையில் பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி வேண்டியதை எடுப்பார். பிறகு கடையைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டு, நகரத்தின் ஓரத்தில் இருக்கும் இந்தக் கழக்கூட்டத்துக்கு வந்து, நம் ஏ பிளாக்கில் தனியாக இருந்தார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், கடையில் கூட்டமாக இருந்தது, நேரம் கிடைக்கவில்லை என்பார்.

கீழ்த்தளத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், உடைந்த நாற்காலிகள் கிடந்த அறையைப் பிள்ளைகளுக்கு விளையாட்டு அறையாக்கலாம் என்று பேச்சு வந்தபோது பாதிப் பேர் ஜிம்தான் வேண்டும் என்றார்கள். ஓணம் முடிந்து நடக்கும் பொதுக்குழு வரை பார்ப்போம், பிள்ளைகள் வராவிட்டால் ஜிம் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். பொறுப்பு யாருக்கு என்று அடுத்த சண்டை. அவரவர் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்றே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா எழுந்தார்.

"எனக்குப் பிள்ளை கிடையாது. அதனால எனக்கு யாரு பக்கமும் கிடையாது, கேட்டியளா?"

பொறுப்பு அவருக்கே வந்தது. உதவிக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார்.

எனக்கு அந்த அறை மற்றவர்களைவிட அதிகம் தேவைப்பட்டது. என் மகன் அமுதனுக்கு அப்போது நான்கு வயது. அதுவரை நாகர்கோவிலில் என் அம்மாவிடம் இருந்தவனை, ஜூனில் பள்ளியில் சேர்க்க இங்கே கூட்டி வந்திருந்தோம். பள்ளி விட்டு வந்தால், நானோ அவன் அப்பாவோ வரும்வரை, வேலைக்கு வரும் சேச்சியோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மலையாளம் வராது. மற்ற பிள்ளைகளோடு சேரவும் மாட்டான். ஓணம் வரை பார், இப்படியே இருந்தால் திரும்ப இங்கேயே கொண்டு விட்டுவிடு என்று அம்மா சொல்லியிருந்தாள். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. சனி ஞாயிறு மட்டும் வந்து போகிற அம்மாவாகத் திரும்பவும் ஆகிவிடுவேனோ என்று உள்ளுக்குள் பயந்து செத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா சாலை பஜாரில் கடை போடுகிற மாதிரியே அறையைப் போட்டார். வீடு வீடாகப் போய் உபயோகமில்லாத பொம்மைகளை வாங்கி வந்தோம். கழுவிக் காயவைத்து, ரகம் பிரித்து, மூடி போட்ட பிளாஸ்டிக் ஜாடிகளில் நிரப்பினோம். சுவர் முழுக்கக் கூரை வரை அலமாரி. கார்களுக்கு ஒரு தட்டு, மிருகங்களுக்கு ஒரு தட்டு, அடுக்கும் கட்டைகளுக்கு இரண்டு. குறுக்கே நீள மேஜை, அதற்குப் பின்னால் அக்கா. திறந்த அன்று எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். நான் எடுத்ததை அம்மாவுக்கு அனுப்பினேன்.

பிள்ளைகள் மேஜை முன்னால் வரிசையாக நின்று, விரல் நீட்டிக் கேட்டார்கள். அக்கா எடுத்துக் கொடுப்பார். திரும்பி வந்ததைத் துடைத்து ஜாடிக்குள் வைப்பார். ஒரு வாரத்தில் வரிசை தேய்ந்துவிட்டது. அமுதன் ஒரு நாள்கூட எதையும் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது மேஜைக்குப் பின்னால் அக்காவைக் காணோம். மேஜைக்கு அடியில், ஜாடிகள் வந்த அட்டைப்பெட்டிகளுக்குள் அமுதனும் பி பிளாக் நந்தனாவும் உட்கார்ந்து ஏதோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸாக இருக்கலாம், கப்பலாகவும் இருக்கலாம். அக்கா அவர்களுக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்து படுத்திருந்தார். மயக்கம் போட்டுவிட்டாரோ என்று பதறிப்போனேன்.

"ஒண்ணுமில்ல. இங்க படுத்துப் பாரு பிள்ளே" என்றார்.

கழுத்தில் அலுவலக அடையாள அட்டையோடு படுத்தேன். அலமாரித் தட்டுகளின் அடிப்பக்கம் தெரிந்தது, டியூப்லைட் தெரிந்தது. ஒரு பொம்மைகூடத் தெரியவில்லை.

"கடைன்னா கேக்க வைக்கணும். கேட்டாத்தான் வியாபாரம்" என்றார் அக்கா, கூரையைப் பார்த்தபடியே. "இங்க ஒரு பிள்ளை வந்து கேக்க வேண்டி இருந்தா நான் தோத்தேன்னாக்கும் அர்த்தம்."

மறுநாளே ஆசாரியை வரவழைத்து அலமாரியைப் பாதியாக அறுத்தார். மேஜை வெளியே போனது, ஜாடிகளின் மூடிகள் குப்பைக்குப் போயின. பொம்மைகளில் முக்கால்வாசியைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். எல்லாச் சரக்கையும் ஒரே நாளில் பரப்பிவிட்டால் கண் மரத்துப்போகும் என்பது அவர் கட்சி. ஜெனரேட்டர் பக்கத்து மூலை கத்துகிறவர்களுக்கு. எதிர் மூலையில் பழைய சேலையைத் திரையாகக் கட்டி, அழ வேண்டும் என்று தோன்றுகிறவர்களுக்கு ஒதுக்கினார். பெட்டிகளுக்குத்தான் நடு இடம். தன் மகன் பெயர் எழுதிய பெரிய பேட்டரி காரை நடுவில் நிறுத்தச் சொன்ன ஒருவரிடம், அதைப் போர்டிகோவில் நிறுத்தினால் எல்லோரும் பார்ப்பார்களே என்று மலையாளத்தில் தேன் ஒழுகச் சொல்லி அனுப்பினார்.

போட்டோவுக்கு அந்த அறை இப்போது லாயக்கில்லை. பொதுக்குழுவில் ஜிம்காரர்கள் முதலில் எடுத்த படத்தையும் புதிதாக எடுத்த படத்தையும் காட்டி, இருந்த அழகும் போயிற்று என்றார்கள். விவாதம் நீண்டுகொண்டே போனது. தலைவர்தான் பேச்சை நிறுத்திச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பிள்ளைகள் எங்கே என்று கேட்டார். வழக்கமாக நம் பொதுக்குழு எதுவும் அரை மணி நேரம் தாங்காது. ஏதாவது ஒரு பிள்ளை அம்மாவின் துப்பட்டாவை இழுத்து அழ ஆரம்பித்துவிடும். அன்று ஒருவரும் வரவில்லை.

எல்லோரும் எழுந்து கீழே போனோம். பதினைந்து பிள்ளைகளாவது இருப்பார்கள். வாசலில் இத்தனை பேர் நின்றதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அமுதனைக் கூப்பிட்டேன். பெட்டிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, மலையாளத்தில், "அம்ம பொய்க்கோ, ஞான் வராம்" என்றான். நான் போகலாமாம், அவன் பிறகு வருவானாம். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா என் முதுகில் தட்டி, அழுகிற மூலை அங்கே இருக்கிறது என்று கையைக் காட்டினார். அதன் பிறகு ஜிம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அறையில் அக்காவின் படத்தை மாட்ட வேண்டும் என்று இப்போது குழுவில் பேசுகிறார்கள். மாட்டுவதானால் தாழ மாட்டுங்கள். பிள்ளைகள் க்ரேயானால் மீசை வரைந்தால் வரைந்துவிட்டுப் போகட்டும். அக்கா ரசிப்பார்.

எனக்கென்று அவர் விட்டுப்போனது இன்னொன்று. அந்த ஓணம் முடிந்து அமுதன் நாகர்கோவிலுக்குப் போகவில்லை. அவனுடைய முதல் பல் ஆடியதை நான் போனில் கேட்கவில்லை. மடியில் உட்காரவைத்து, என் விரலால் ஆட்டிப் பார்த்தேன்.