முழிவியளமும் ஒரு பழைய காரும்

மகளின் கலியாணத்துக்கு நாள் குறித்த அன்றே மச்சாள் எனக்கு இடமும் குறித்துவிட்டார்.

"பிள்ளை வீட்டை விட்டு வெளிக்கிடேக்க நீர் குசினிக்குள்ள, அடுப்படியில நில்லும். கார் றோட்டில ஏறின பிறகு மற்றாக்களோட வான் வண்டியில வாரும். முழிவியளம் பாக்கவேணுமெல்லோ."

முழிவியளம் என்றால், நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது எதிரே தென்படுகிற முகம். தாலியோடு இருக்கிற பெண்ணின் முகமென்றால் நல்லதாம். புருஷன் இல்லாதவளின் முகமென்றால் போகிற காரியம் உருப்படாதாம். என் புருஷன் எட்டு வருஷத்துக்கு முன் நெஞ்சுவலியில் போனவர். மச்சாள் அவருடைய சொந்த அக்கா. பெற்றது நான். இடுப்பில் சுமந்துகொண்டு ஊர் ஊராக இடம்பெயர்ந்தது நான். வட்டக்கச்சியில் வயல் செய்து படிப்பித்ததும் நான்தான். ஆனால் என் முகம் என் பிள்ளைக்கு ஆகாதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிள்ளையை நான்தான் கூட்டிக்கொண்டு போவன்," என்றேன். "அவற்ர காரில. நானே ஓடுவன்."

யோசித்துச் சொன்னதல்ல. கோபத்தில் வாயில் வந்துவிட்டது. மச்சாள் எழுந்து போய்க் கொட்டிலுக்குள் கிடந்த காரை எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"சரி. காரோடுற ஆள் பிள்ளைக்கு எதிர வாறேல்லைத்தானே. உந்தத் தகரம் ஓடினால் நீரே ஓடும். ஓடாட்டி குசினிக்குள்ள நிக்கவேணும். பிறகு கதை மாறக்கூடாது."

"நான் மாறமாட்டன் மச்சாள்."

அது ஒரு ஏ-40, அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார். அவர் அதில் ஆட்களை ஏற்றி ஹயருக்கு ஓடினவர். சண்டையால் வன்னிக்குள் பெற்றோல் வராத காலத்தில் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மிச்சத் தூரமெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடுவார். அந்தப் புகைக்குள் பக்கத்தில் இருந்து இருமிக்கொண்டே நான் எத்தனை ஊர் பார்த்தேன். மகளைப் பெறுவதற்கு ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதில்தான். கடைசி இடப்பெயர்வில் விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்தபோது ரயர் ஒன்றும் இல்லை, கூரை சரிந்து அதன்மேல் கிடந்தது. மனுஷன் மனம் விடாமல் திருத்தி ஓடினார். அவர் போனபிறகு அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வாசல் படலையில் நின்று கேட்கும் போதெல்லாம் நாயை அவிழ்த்துவிடுவேன் என்று வெருட்டி அனுப்பினேன்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். பொனற்றைத் திறந்ததும் எலிகள் நாலு பக்கமும் பாய்ந்தன.

"அக்கா, இது காரில்லை. எலிப் பண்ணை," என்றார் அவர்.

"எலியைக் கலைக்கிறது என்ர வேலை. நீங்கள் வயரைப் பாருங்கோ."

வயரெல்லாம் எலி தின்றிருந்தது. சைலன்சருக்குள் குளவி மண்ணால் கூடு கட்டி அடைத்திருந்தது. பெற்றோல் தாங்கிக்குள் ஒரே துரு. அதைக் கழற்றி உள்ளே சல்லிக்கல்லைப் போட்டு, நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம், பிறகு மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினோம். எல்லாவற்றையும்விட மோசம், எஞ்சின் இறுகிப்போய் இருந்தது. பிளக்குகளைக் கழற்றி அந்த ஓட்டைகளால் டீசல் ஊற்றி ஊறவிடச் சொன்னார் மெக்கானிக். ஊறவிட்டேன். விடிந்ததும் வயலுக்குப் போகமுன் காரைக் கியரில் போட்டு முன்னும் பின்னுமாகத் தள்ளுவேன். அசையாது. வாயில் வந்தபடி ஏசிவிட்டுப் போவேன், அடுத்த நாளும் வந்து தள்ளுவேன். ஒருநாள் உள்ளே ‘கடக்’ என்றது. எஞ்சின் விட்டுக்கொடுத்துவிட்டது. நான் அப்படியே நிலத்தில் குந்தியிருந்து அழுதேன்.

பிறகு புது ரயர், புதுப் பற்றறி, பிரேக்குக்கு றப்பர். முதல் முறை ஸ்ராட் வந்தபோது எழும்பிய புகையைக் கண்டு பக்கத்து வீட்டுக்காரர் வாளியில் தண்ணீரோடு ஓடி வந்தார். உழவு இயந்திரம் ஓடிய கைக்குக் கார் ஒரு பாரமா? லைசன்சும் என்னிடம் இருந்தது. இரணைமடுக் குளக்கட்டு வரைக்கும் போய்த் திரும்பினேன். வரும் வழியில் மச்சாள் வீட்டு வாசலில் வேண்டுமென்றே நீளமாக ஹோர்ன் அடித்தேன்.

கலியாணத்தன்று காருக்கு மாலை போட்டு, படலையைப் பார்த்தபடி நிறுத்தியிருந்தோம். மணப்பெண் கோலத்தில் மகள் பின் சீற்றில். பக்கத்தில் மச்சாள். படலையில் நல்ல முழிவியளத்துக்கென்று பக்கத்து வீட்டு அம்மா நிறைகுடத்தோடு நின்றார். நான் பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்ரேறிங்கில் இருந்து சாவியைத் திருப்பினேன்.

‘டிக்’ என்றது. அவ்வளவுதான். திரும்பவும் திருப்பினேன். ‘டிக்’. ஸ்ராட்டர் மோட்டார் காலை வாரிவிட்டது. வளவு நிறையச் சனம். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"நான் அப்பவே சொன்னனான்," என்றார் மச்சாள் பின்னாலிருந்து, மெதுவாக. "இறங்கும். வேற கார் கூப்பிடுவம். நீர் உள்ள போம்."

இறங்கினேன். உள்ளே போகவில்லை. சாவியைத் திறந்தபடி விட்டு, டிக்கியிலிருந்து இரும்பு ஹாண்டிலை எடுத்தேன். பழைய கார்களுக்கு முன்பக்கம் ஒரு ஓட்டை உண்டு. அதற்குள் ஹாண்டிலைச் செருகிக் கையால் சுழற்றினாலும் எஞ்சின் பிடிக்கும். சுழற்றுகிற ஆள் காருக்கு நேர் முன்னால், உள்ளே இருக்கிறவர்களைப் பார்த்தபடிதான் நிற்கவேணும்.

மச்சாளுக்கு அது விளங்கிவிட்டது. ஜன்னலால் தலையை நீட்டினார். "ஐயோ, முன்னுக்கு நிக்காதையும்!"

"முன்னுக்கு நிண்டாத்தான் மச்சாள் ஸ்ராட் வரும்!"

படலையில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். தம்பி முறையான ஒருவர் "தாங்கோ அக்கா, நான் சுத்துறன்" என்று கை நீட்டினார். கொடுக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று. உதறியது, அணைந்தது. அடுத்த சுற்றுக்குப் பிடித்துக்கொண்டது. மாலைப் பூக்கள் உதிர உதிர முழுக் காரும் நடுங்கியது.

சேலையில் கிறீஸ், தலை கலைந்து கிடக்க, அப்படியே நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அப்பால், மச்சாள் தன் உள்ளங்கையால் மகளின் கண்களைப் பொத்திப் பிடித்திருந்தார்.

மகள் அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கி, மச்சாளின் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு என்னை நேரே பார்த்தாள்.