தூங்கிப்போன சிப்

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். கைபேசிக்குள் அலையை வாங்கி அனுப்பும் சிப்பை வடிவமைப்பது வேலை. பழைய நெட்வொர்க், புது நெட்வொர்க் எல்லாவற்றுக்கும் ஒரே சிப். அதுவும் பேட்டரியைக் குடிக்கக் கூடாது. "உன் சிப்பு ரொம்பச் சாப்பிடுதுப்பா" என்று மேலாளர் நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

போன் சும்மா கிடக்கும்போது சிப் தூங்கும். அவ்வப்போது விழித்து, செல்போன் கோபுரம் கூப்பிடுகிறதா என்று காதுகொடுத்துவிட்டு மறுபடி கண்ணை மூடும். கூப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்பே எழுந்தால்தான் அது நிதானத்துக்கு வரும். அந்தச் சிறு இடைவெளியில்தான் அவன் கைவைத்தான். கொஞ்சம் நறுக்கினான். மின்செலவு சட்டென்று இறங்கியது. மேலாளர் முதுகில் தட்டினார்.

முதல் சிப்புகள் வந்ததும் அவரவர் சிப்பை அவரவரே சட்டைப்பையில் போட்டுத் திரிவது அந்த ஆய்வுக்கூடத்து வழக்கம். அவனும் சோதனை போனில் தன் சிம்மைப் போட்டுக்கொண்டான்.

"அப்போ நான் பேசுறது நீ செஞ்சதுக்குள்ளயா வருது?" என்று கேட்ட அப்பா, போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

ஊரில் அப்பாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. அவன் மாலை வண்டிக்கு டிக்கெட் எடுத்திருந்தான். மறுநாள் என்றிருந்த சிகிச்சை, அவன் கிளம்பும் முன்பே, அன்றைக்கே என்றாகிவிட்டது.

"உள்ள போறதுக்கு முன்னாடி அப்பாவுக்கு உங்கிட்ட பேசணுமாம்" என்றாள் அக்கா, போனில். "டாக்டருங்க இருக்காங்க. நீ கூப்பிடாத தம்பி, நானே போடுறேன்."

போனைக் கண்ணெதிரே மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தன. போன் ஒருமுறைகூட மினுங்கவில்லை. நல்லபடியாகத்தான் போகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். பொறுக்கமாட்டாமல் அவனே கூப்பிட்டபோது அக்கா அழுதாள்.

"எங்கடா போன? போட்டுப் போட்டுப் பார்த்தேன். எல்லைக்கு வெளியேன்னே சொல்லுது."

"போன் என் முன்னாடியேதான்க்கா இருந்துச்சு."

"அப்பாவ உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்பகூட, 'அவன் செஞ்சதும்மா, கிடைக்கும், இன்னொரு தடவை போடு'ன்னாரு."

அப்பா உயிரோடு திரும்பவில்லை.

எல்லாம் முடிந்து வேலைக்கு வந்தவன், போனைச் சோதனை மேசையில் மாட்டினான். கோபுரம்போல நடிக்கும் கருவியை, புது நெட்வொர்க்கிலிருந்து பழையதற்கு மாற்றிக் கூப்பிட வைத்தான். அந்த மாற்றத்துக்கு, நறுக்கியதுபோக மிஞ்சிய நேரம் போதவில்லை; கூப்பிட்டு ஓய்ந்த பிறகுதான் சிப் கண்விழித்தது. மறுபடியும் அப்படியே.

நறுக்கிய நேரத்தைத் திரும்பச் சேர்த்தான், கொஞ்சம் கூடுதலாகவே.

"பேட்டரி கணக்கு உதைக்குமேடா. மேனேஜர் குதிப்பாரு" என்றான் பக்கத்து இருக்கைக்காரன்.

"குதிக்கட்டும்."

கருவி கூப்பிட்டது. இந்தத் தடவை போன் அடித்தது. எடுக்கக் கை நீளவில்லை. அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.