கிருபாவதி மேடத்தின் தலைமை வகுப்பு

கிருபாவதி மேடம் பதினோரு வருடமாகக் கல்லூரியில் தலைமைப் பண்பு பற்றிப் பாடம் எடுக்கிறார். இத்தனை வருடத்தில் ஒரு ஈயைக்கூட "போ" என்று அதட்டியதில்லை. துடியலூரில் இறங்க வேண்டுமென்றால் கண்டக்டரிடம், "முடிஞ்சா நிறுத்துங்க, இல்லாட்டியும் பரவாயில்லீங்க" என்பார். கண்டக்டரும் பரவாயில்லை என்று விட்டுவிடுவார். மேடம் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பார். டெய்லர் யாருடைய ஜாக்கெட்டையோ மாற்றிக் கொடுத்தபோது, அவர் மனசு நோகுமே என்று அதையே இரண்டு வருடம் ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டார். இப்படிப்பட்டவருக்கு இந்தப் பாடத்தைக் கொடுத்ததற்கும் ஒரே காரணம்தான்: அவர் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.

வேலை மட்டும் நிரந்தரமாகவில்லை. வகுப்பு கட்டுக்குள் இல்லை என்று வருடா வருடம் எழுதிவிடுவார்கள். இந்த முறை முதல்வர் ஞானாபரணமே நோட்டோடு வந்து கடைசி பெஞ்சு ஓரம் நின்றார். அவர் சரி என்றால் நிரந்தரம். இல்லையென்றால் இந்த வருடத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சர்வாதிகாரத் தலைமை, ஜனநாயகத் தலைமை, எதிலும் தலையிடாத தலைமை என்று மேடம் பலகையில் எழுதினார்.

"செஞ்சு பார்த்தாத்தான் புரியுங்க. உங்களுக்கு ஒரு தலைவரை நீங்களே தேர்ந்தெடுங்க."

அங்கே ஆரம்பித்தது வினை.

"அக்ஷயா, நீங்க இருங்க."

"ஐயோ, மோகன்குமார் இருக்கறப்ப நானுங்களா?"

"எனக்கென்னங்க தெரியும்? வர்ஷினி இருக்கட்டுங்க."

குரூப் போட்டோவில் நடுவில் நிற்கச் சொன்ன மாதிரி ஆளாளுக்கு ஒதுங்கினார்கள். இருபது நிமிடம் கழித்து, அறுபது பேரும் ஒருமனதாகச் சாய்கிருஷ்ணாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவன் அன்றைக்கு வகுப்புக்கே வரவில்லை. அதனால் யார் மனசும் நோகாது.

முதல்வர் நோட்டில் ஏதோ எழுதினார்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் சாய்கிருஷ்ணா வந்து தொலைத்தான்! பொள்ளாச்சியில் அப்பாவின் தேங்காய் லோடை ஏற்றிவிட்டு, பஸ் பிடித்து வந்து வாசலில் மூச்சு வாங்க நின்றான். கைதட்டல் காதைப் பிளந்தது. ஏன் எதற்கு என்று தெரியாமலே அவன், "ஏனுங்க, ரொம்பப் பசிக்குதுங்க. எல்லாரும் கேன்டீன் போலாங்களா?" என்றான்.

தலைவர் சொல்லிவிட்டாரே! அறுபது பேரும் எழுந்து பையை மாட்டினார்கள். முதல் வரிசை வாசலுக்கே போய்விட்டது. முதல்வரும் நோட்டை மூடி அக்குளில் செருகிக்கொண்டு கிளம்பினார்.

மூடிய நோட்டைப் பார்த்ததும் மேடத்துக்குப் பதினோரு வருடமும் கண்முன் வந்தது. அடுத்த நிறுத்தம், ஊக்கு, எல்லாம். கோபம் உள்ளங்காலிலிருந்து ஏறியது. டஸ்டரை மேசையில் ஓங்கி அடித்தார்.

"எல்லாரும் உக்காருங்க! ஒருத்தரும் வாசலைத் தாண்டக் கூடாது!"

சாக்பீஸ் தூள் அடங்குவதற்குள் மொத்தப் பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். தலைவருக்கு இடம் கிடைக்காமல் தரைதான் கிடைத்தது. மேடமே ஆடிப்போனார். "தப்பா நெனச்சுக்காதீங்க" என்பது தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, சர்வாதிகாரத் தலைமைக்குக் கீழே அழுத்தமாக ஒரு கோடு போட்டு, மீதிப் பாடத்தை நடத்தினார். வகுப்பில் ஒரு இருமல்கூட இல்லை.

பத்து நிமிடம் கழித்துக் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை தயங்கித் தயங்கி உயர்ந்தது. இரண்டு பையன்களுக்கு நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த முதல்வரின் கை.

"மேடம், உங்க வேலை நிரந்தரம்னு எழுதிப்போட்டேனுங்க. இப்ப நான் எந்திரிக்கலாங்களா?"

கிருபாவதி மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பெல் அடிக்கட்டுங்க சார்."