காலியாக விட்ட கேட்ச்

செல்வத்தின் வேலை போனதற்கு நான்தான் காரணம். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

உப்பல் பகுதியில் ஒரு மருந்துக் கிடங்கு. அதன் குளிர் அறையைக் கவனித்தவன் செல்வம். வெப்பநிலையைத் திரையில் காட்டும் ப்ரோக்ராமை எழுதியவன் நான். பன்னிரண்டாம் வகுப்பும் அமீர்பேட்டில் மூன்று மாத ஜாவா வகுப்பும்தான் என் படிப்பு. கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டி, முருகனை வேண்டித்தான் தொடங்கினேன்...

சென்சார் கொஞ்சம் தடுமாறினாலும் சிவப்பு எழுத்தில் எக்ஸப்ஷன் என்ற பிழைச் செய்தி வந்து ப்ரோக்ராம் நின்றுவிடும். மேனேஜர் எரிந்து விழுவார். தவறு நேரக்கூடிய வரிகளை ‘ட்ரை’க்குள் வைத்தால், நேர்ந்த தவறை ‘கேட்ச்’ பிடித்துக்கொள்ளும். பிடித்தபின் மணி அடிக்கவோ, எச்சரிக்கை காட்டவோ அங்கே எழுத வேண்டும். நான் எதுவும் எழுதவில்லை. காலியாக விட்டேன்! சிவப்பு எழுத்து ஒழிந்தது. மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை, குளிர் அறை வெதுவெதுவென்று இருந்தது. மெயின் சுவிட்ச் ட்ரிப்பாகி விழுந்து கிடந்தது. செல்வம் அதைத் தூக்கிவிட்டதும் திரையில் இருபத்தாறு டிகிரி. உள்ளே வைத்திருந்த இன்சுலின் முழுவதும் பாழ். ஞாயிறு முழுக்கத் திரை எப்போதும்போல நான்கு டிகிரி என்றுதான் காட்டியது என்று அவன் சத்தியம் செய்தான். எவரும் நம்பவில்லை. போனில் கிரிக்கெட் பார்த்திருப்பான் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்... சிறிது நேரம்.

ப்ரோக்ராம் தப்பாகக் காட்டுமா என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

“தப்புன்னா சிவப்பு எழுத்து வந்திருக்கும் சார். ஒண்ணும் வரலையே.”

சொல்லும்போதே எனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தது! அதே சுவிட்சில்தான் சென்சாரும் ஓடியது. அது செத்ததும் பழைய நான்கு அப்படியே திரையில் நின்றுவிட்டது. வந்த தவறையெல்லாம் என் காலி கேட்ச் சத்தமின்றி விழுங்கியிருக்கிறது. செல்வத்தை அன்றே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அந்தக் காலி இடத்தில் மணி அடிக்கும் வரியை எழுதிவிட்டேன், யாருக்கும் தெரியாமல்.

போன மாதம் உப்பல் மெட்ரோ வாசலில் அவனைப் பார்த்தேன். ஆட்டோ ஓட்டுகிறான். “அன்னைக்கு அந்த ப்ரோக்ராம்ல...” என்று ஆரம்பித்தேன்.

“நக்கோ அண்ணே, வேணாம் விடுங்க,” என்று சிரித்தான். “உங்களுக்குத் தெரிஞ்சதைத்தானே சொன்னீங்க.”

ஏன் சிரித்தான்? எல்லாம் தெரிந்துதான் சொன்னானா? அதற்குமேல் கேட்காமல் மெட்ரோ படியேறிவிட்டேன்.

இப்போதெல்லாம் அமைதியாக இருக்கும் எதையும் நான் நம்புவதில்லை. மனைவி ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னால் சந்தேகம். திரை ஒழுங்காக இருந்தால் சந்தேகம். வெள்ளிதோறும் முருகன் சந்நிதியில் நிற்கிறேன். அங்கேயும் ஒரு சத்தமும் இல்லை... அதை, முருகன் மன்னித்துவிட்டான் என்று நீங்களானால் எடுத்துக்கொள்வீர்களோ என்னவோ. என்னால் முடியவில்லை.