மெத்தைக்காரர் மாட்டிய ஸ்பிரிங்

மெத்தைக்காரருக்கு உலகத்தில் தெரியாத விஷயம் ஒன்றும் கிடையாது. அதிலும் ஸ்பிரிங் என்று பேச்சு வந்துவிட்டால் திறந்த வாயை மூடமாட்டார். கடைக்கு வருகிறவர் மெத்தையில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் போதும், முதுகில் எங்கே வலி என்று சொல்லிவிடுவார். பாதி நேரம் அது சரியாக இருக்கும். மீதி நேரம், அவர் சொன்ன பிறகு வந்தவருக்கு அங்கே வலிக்க ஆரம்பித்துவிடும். வியாபாரம் அமோகமாகத்தான் நடந்தது.

அப்பேர்ப்பட்டவருடைய சொந்தக் கார் பின்பக்கம் உட்கார்ந்துபோயிருந்தது. அவருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே செய்யப்பட்ட கார். பழைய கார் என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். ‘கிளாசிக்’ என்று திருத்துவார். பின்சக்கரங்களுக்கு மேலே வில்லாக வளைந்திருக்க வேண்டிய பட்டை ஸ்பிரிங்குகள் அடிவாங்கி அடிவாங்கி நிமிர்ந்துவிட்டன. ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கசிந்து எப்போதோ செத்துப்போயின. ஒரு பள்ளத்தில் இறங்கினால் வண்டி அடுத்த பள்ளம் வரைக்கும் ஆடிக்கொண்டே போகும்.

முன்சீட் கதவு உள்ளிருந்து திறக்காது என்பதால் அவருடைய வீட்டம்மாவுக்கு எப்போதும் பின்சீட்தான். ஆகவே ஆட்டம் முழுவதும் அவருக்கே. “ஊருக்கெல்லாம் மெத்தை விக்கிறாரு, பொண்டாட்டிய மட்டும் பாறாங்கல்லு மேல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறாரு” என்று நாலு பேர் எதிரிலேயே சொல்லிப் பார்த்தார். மெத்தைக்காரர் சிரித்து மழுப்பினார். கடைசியில் ஒருநாள் வண்டி பள்ளத்தில் குதித்ததில் நாக்கைக் கடித்துக்கொண்ட வீட்டம்மா, இந்த வண்டி ஓடுகிறதென்றால் இனி அதில் ஏறுவதில்லை என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அன்றிலிருந்து மகள் வீட்டுக்குப் போவதென்றால் வீட்டம்மா பஸ்ஸில் போவார். மெத்தைக்காரர் அதே பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு போவார். பஸ் நின்றால் இவரும் நிற்பார். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை, அவருக்கோ வேதனை. பின்சீட் காலியாகக் கிடக்க, முன்னால் போகும் பஸ்ஸின் பின்கண்ணாடி வழியே மனைவியின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே போவது சுகமான பயணமா என்ன? எப்படியாவது அவரை மறுபடி இந்த வண்டியில் ஏற்றிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் மனதில் ஓடியது.

வீட்டம்மாவின் தம்பி வண்டிப் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் விட்டிருந்தால் ஒரு பகலில் வேலை முடிந்திருக்கும். ஆனால் மச்சினனிடம் உதவி கேட்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரே! ஸ்பிரிங் விஷயத்தில் தனக்கு இன்னொருவன் பாடம் எடுப்பதா என்ற வீறாப்பு வேறு. புது ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் வரவழைத்து, கடைக்குப் பின்னாலிருந்த குடோனில் மெத்தைக் கட்டுகளை ஓரம்தள்ளி, தானே இறங்கிவிட்டார்.

குறை சொல்லக்கூடாது, மனிதர் பாடுபட்டார். ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, அடியில் தாங்கு கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினார். துருப்பிடித்த நட்டுகளுக்கு எண்ணெய் விட்டுக் கெஞ்சினார், திட்டினார், பிறகு சுத்தியலை எடுத்தார். பழைய பட்டையை இறக்கியபோது அதில் ஒரு தகடு உடைந்தே இருந்தது. புதியதை ஏற்றி, இரண்டு முனையிலும் ‘புஷ்’ என்கிற ரப்பர் வளையங்களைச் செருகி, போல்ட்டுகளை மூச்சைப் பிடித்து முறுக்கினார். ஷாக்கையும் மாட்டினார். சக்கரம் போட்டு வண்டியைத் தரையில் இறக்கிவிட்டு, சட்டையெல்லாம் கருப்பாக நின்று பெருமையாகப் பார்த்தார்.

வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.

டீயோடு வந்த வீட்டம்மா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “என்னங்க, வண்டி கீழ எதையோ தொலைச்சிட்டுத் தேடுதா?”

“புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும். போகப் போகப் படிஞ்சிரும்” என்றார் மெத்தைக்காரர். தெருவை ஒருமுறை சுற்றிவந்தார். படியவில்லை. முன்பாவது ஆடியது, இப்போது உதைத்தது. வேறு வழியில்லாமல், மானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மச்சினனுக்குப் போன் செய்தார்.

மச்சினன் வந்து குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து மெத்தைக்காரரைப் பார்த்தார்.

“போல்ட்ட எப்ப மச்சான் முறுக்குனீங்க?”

“ஏன், வண்டி மேல இருக்கும்போதுதான்.”

“சக்கரம் தொங்கிட்டிருக்கும்போதா?”

“மெத்தைய ஆள் படுத்திருக்கும்போதா தைப்பாங்க? காலியா இருக்கும்போதுதான் தைப்பாங்க.”

மச்சினன் சிரித்த சிரிப்பில் மெத்தைக் கட்டு ஒன்று சரிந்தது. “மச்சான், இது மெத்தை இல்ல. தொங்குற நிலையில முறுக்குனா ரப்பர் அப்படியே பிடிச்சுக்கும். அப்புறம் கீழ இறக்கினா முறுக்கிட்டு நின்னு வண்டிய மேல தள்ளும். போல்ட்ட லூஸ் பண்ணி, வண்டி தரையில நிக்கணும், பின்னாடி ஆளும் உக்காரணும், அப்புறம்தான் டைட் பண்ணணும்.”

“பாரத்துக்கு நாலு மெத்தைய ஏத்திருவோமா?”

“பஞ்சுல என்ன பாரம் இருக்கு? அக்காவ உக்காரச் சொல்லுங்க. அவங்களுக்காகத்தானே இவ்வளவும்.”

“நான் என்ன அவ்வளவு பாரமா?” என்று தம்பியை ஒரு முறை முறைத்தார் வீட்டம்மா. ஆனாலும் நிற்கிற வண்டிதானே என்று ஏறி உட்கார்ந்தார். போல்ட்டுகளைத் தளர்த்தியதும் வண்டி ஒரு பெருமூச்சோடு சமமாக இறங்கியது. முறுக்குகிற வேலையைத் தானே செய்வேன் என்று மெத்தைக்காரர் அடம்பிடித்து அடியில் நுழைந்தார். மச்சினன் கைகழுவப் போனார்.

வண்டிக்கு அடியிலிருந்து ஸ்பேனர் சத்தம் கேட்டது.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டா?” என்றார் மேலேயிருந்து வீட்டம்மா. “நான் பஸ்ல போறது இந்த ஆட்டத்துக்காக இல்ல.”

ஸ்பேனர் நின்றது. “பின்ன?”

“வண்டியில ஏறினா நான் வாயத் திறக்க முடியுதா? ஏதாவது சொல்ல ஆரம்பிச்சா, ‘இரு இரு, எங்கயோ சத்தம் கேக்குது’ன்னு கையத் தூக்கிடுறீங்க. பொண்ணு ஆஸ்பத்திரியில இருந்த அன்னிக்கு நான் அழுதுட்டே பேசிட்டு வர்றேன், நீங்க டிக்கி ஆடுதான்னு கேட்டுட்டு வர்றீங்க. பஸ்ல பக்கத்துல உக்கார்றவங்க யாரோ எவரோ. ஆனா நான் சொன்னா கேக்குறாங்க.”

இத்தனை வருஷமும் பட்டையையும் ஷாக்கையும் பழி சொல்லிக்கொண்டிருந்தோமே என்று மெத்தைக்காரருக்கு வெட்கமாக இருந்தது. கீழே படுத்திருந்தது நல்லதாகப் போயிற்று. முகத்தை யாரும் பார்க்கவில்லை.

“இத ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?”

“சொன்னேனே. வண்டியில போகும்போதுதான் சொன்னேன்.”

மீதி போல்ட்டுகளை அவர் முறுக்கி முடித்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு கதவருகே தயங்கி நின்றார். வீட்டம்மா இறங்கவில்லை. “சரி, ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம். ஒரே ஒரு ரவுண்டு” என்றார்.

வண்டி தெருவில் வழுக்கிக்கொண்டு போனது. முனையிலிருந்த பெரிய பள்ளம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. வீட்டம்மா எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அந்த வீட்டுப் பெண்ணுக்கும் மாமியாருக்கும் ஏதோ தகராறு. கதை சூடுபிடித்த இடத்தில் முன்பக்கம் எங்கோ ‘டக், டக்’ என்றது.

மெத்தைக்காரரின் கை தன்னால் எழும்பியது. பாதி வழியில் அதைத் திருப்பித் தலையைச் சொறிந்துகொண்டார்.

“அப்புறம் மாமியார் என்ன சொன்னாங்களாம்?”

பின்சீட்டிலிருந்த வீட்டம்மா முன்னால் குனிந்து காதைக் கொடுத்தார்.

“ஏங்க, முன்னாடி ஏதோ சத்தம் வருதே, உங்களுக்குக் கேக்கலையா?”

“கேக்குது” என்றார் மெத்தைக்காரர். “நீ சொல்லு.”